மலை என்னும் பள்ளி

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மக்களுக்கு மலையேற்றம் புதிதன்று. விடியலிற் பெரட்டுக்குச் சென்று, கூடை சுமந்து, செங்குத்தான சரிவுகளிற் கொழுந்தெடுப்போர் வாழும் நிலம் அது. டிசம்பர்ப் பூரணை முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்வோரும் அங்குப் பலர். ஆயினும், மலை அவர்களுக்கு உழைப்பின் களமாகவும் வழிபாட்டின் இடமாகவும் விளங்கிய அளவுக்கு, இளைஞரின் உள்ளத்தைப் பண்படுத்தும் பள்ளியாக விளங்கியதில்லை.

மலையையும் கடலையும் பள்ளியாக்கும் எண்ணம் சென்ற நூற்றாண்டில் உருப்பெற்றது. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவிலே பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவருக்குப் பாசறை அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர். அதிலிருந்து வளர்ந்த சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் இலங்கை மண்ணைத் தொட்டது.

இரண்டாம் உலகப்போர் இவ்வெண்ணத்துக்கு மற்றொரு வடிவம் தந்தது. கப்பல்கள் தாக்குண்டபோது, உடல்வலிமை மிக்க இளம் மாலுமிகளைவிட, அனுபவம் முதிர்ந்தோரே கடலில் மிகுதியாக உயிர்தப்பினர் எனக் கப்பல் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். இளைஞருக்குக் குறைவாயிருந்தது வலிமையன்று, தன்னம்பிக்கையே. ஆதலின், கல்வியாளர் கர்ட் ஹானுடன் சேர்ந்து, வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் 1941இல் ‘அவுட்வேர்ட் பவுண்ட்’ பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

ஆசியாவிலும் அத்தகைய பள்ளியொன்று எழுந்தது. அதுவும் ஒரு தேயிலை நாட்டிலேதான். டென்சிங் நோர்கே 1953இல் ஹிலாரியுடன் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். மறு ஆண்டிலே டார்ஜீலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டது. களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்றவர் டென்சிங். பிறருடைய சுமையைத் தூக்கி மலையேறியவராகத் தொடங்கிய அவர், மலையைக் கற்பிக்கும் ஆசானாக உயர்ந்தார்.

அப்பயிற்சியின் பயன் சான்றிதழோடு முடிவதன்று. இலங்கையைச் சேர்ந்த ஜயந்தி குரு உதும்பால 2003இல் அக்கழகத்திற் பயின்றார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 மே 21ஆம் நாள், எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் இலங்கையரானார். இன்றைய தெலுங்கானாவைச் சேர்ந்த மாலாவத் பூர்ணாவோ, வயல்களிற் கூலிவேலை செய்த பெற்றோரின் மகள். அரசின் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவி. அவரும் டார்ஜீலிங்கிற் பயின்று, 2014 மே 25ஆம் நாள், தம் பதின்மூன்றாம் வயதிலேயே அச்சிகரத்தைத் தொட்டார்.

பயில்வோர் அனைவரும் சிகரம் காண்பதில்லை, காணவும் வேண்டியதில்லை. ஒரே கயிற்றிற் பிணைந்து ஏறுவோருள் ஒருவர் வழுக்கினால், அனைவரும் அவரைத் தாங்க வேண்டும். அங்கே குலமும் செல்வமும் துணைவாரா; பக்கத்தில் நிற்பவரின் கைப்பிடியே துணை. முடியாது என எண்ணியதைத் தோழருடன் சேர்ந்து முடித்த ஒருநாள், தேர்விலும் தொழிலிலும் துயரிலும் பின்னாளில் நினைவுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தும்.

பொகவந்தலாவைப் பிள்ளைகளுக்கு மலைகளைத் தேடிப் போக வேண்டிய தேவையில்லை. தேர்ந்த ஆசானும் உறுதியான கயிறும் சில நாள் ஓய்வுமே வேண்டுவன. தலைமுறை தலைமுறையாகச் சுமையோடு ஏறிய மலையில், சுமையின்றி ஒருமுறை ஏறிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கும் உரியதன்றோ?