எண்ணூர் கொடுவாயும் ஊட்டி ட்ரவுட்டும்

திருவொற்றியூர்க்காரனான எனக்குத் தூண்டில்னா எண்ணூர் கழிமுகமும் கொடுவா மீனும்தான். துரைமார் தூண்டில் வேற ரகம். இரைக்குப் பதிலா இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, பூச்சி மாதிரி காட்டி மீனை ஏமாத்துறது. பேரு ஃப்ளை ஃபிஷிங்.

அந்தப் பைத்தியம் லேசுப்பட்டதில்லை. மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுறதைப் பத்தி 1873-ல் தனிப் புத்தகமே போட்டார். அதுக்கு முன்னாடியே, 1860-களில், மதராஸ் மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே, தன் நாட்டு ட்ரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் வளர்க்கப் பார்த்தார். நடக்கலை. விட்டாங்களா? 1879-ல் நீலகிரியோட வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச்சட்டமே வந்துச்சு. 1907-ல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம். கடைசியில் எச்.சி. வில்சன் முயற்சியில் வானவில் ட்ரவுட் அங்கே நிலைச்சுது.

கடல் தாண்டி வந்த விருந்தாளி மீனுக்கு இவ்வளவு உபசாரம். நம்ம கொசஸ்தலை ஆத்து மீனுக்கு? அனல் மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட வந்த கச்சா எண்ணெய்.

இங்கே மீன்பிடி பொழுதுபோக்கு இல்லீங்க, சோறு. துரையோட ஞாயித்துக்கிழமைக்காக ஓடைக்குச் சட்டம் போட முடிஞ்சுது. குப்பத்து அடுப்புக்காகக் கழிமுகத்தைக் காப்பாத்த முடியாதா? நீங்களே சொல்லுங்க மக்களே.