பெட்டியின் கடமை

ஊவா மலைநாட்டிலே தேயிலைப் பெட்டியை அறியாத முதியோர் இலர். காகிதப் பைகள் வழக்கிற்கு வருமுன், ஒட்டுப்பலகையும், ஓரங்களில் அறைந்த தகரப் பட்டையும், உள்ளே விரித்த உலோகத் தாளுமே நமது தேயிலையைக் கடல் கடந்து காத்துச் சென்றன. அவ்வுலோகத் தாள் முற்காலத்தில் ஈயத்தால் ஆனது. ஈரமும் வேற்று மணமும் உட்புகாமல் தடுப்பதே அதன் கடமை.

அதே ஈயம் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு பெட்டிக்கும் உட்சுவராயிற்று. அதன் கடமையோ நேர்மாறானது. தேயிலைப் பெட்டி, தன்னுள் இருந்த பொருளை உலகினின்று காத்தது. இந்தப் பெட்டியோ, தன்னுள் இருக்கும் பொருளினின்று உலகைக் காக்கவேண்டும். அணுப் பொருளைச் சுமக்கும் கலத்தின் வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

1921ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கப் பெண்மணிகள் திரட்டிய பொருளால் வாங்கப்பெற்ற ஒரு கிராம் இரேடியம் மேரி கியூரி அம்மையாருக்கு வழங்கப்பட்டது. சனாதிபதி ஆர்டிங், வெள்ளை மாளிகையில் அம்மையாரின் கையில் கொடுத்தது பெட்டியின் திறவுகோலை மாத்திரமே. இரேடியத்தை அந்த மண்டபத்திற்குள் கொண்டுவருவதே ஆபத்தெனக் கருதப்பட்டது. ஒரு கிராமுக்கு நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட ஈயப் பெட்டி வேண்டியிருந்தது என்றால், பின்னாளில் தொன் கணக்கான அணு எரிபொருளைக் கொண்டுசெல்ல எத்தகைய கலம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உலைகள் பெருகிய ஐம்பதுகளில் இவ்வினா எழுந்தது. உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கதிர்வீசும், வெப்பமும் விடும். ஆகவே அதன் கலத்திற்குக் கடமைகள் நான்கு. பொருள் கசியாது அடக்குதல், கதிர்களை மறித்தல், வெப்பத்தை வெளியேற்றுதல், எரிபொருட் கோல்கள் நெருங்கித் தாமாகவே அணுப்பிளவுத் தொடரைத் தொடங்காதவாறு விலக்கி நிறுத்துதல் என்பனவே அவை.

இலங்கையும் 1957ஆம் ஆண்டு முதல் அங்கத்துவம் வகிக்கும் சர்வதேச அணுசக்தி முகவரகம், 1961இல் இத்தகைய போக்குவரத்துக்கான விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. பின்னர் திருத்தி விரிக்கப்பெற்ற அவ்விதிகளின்படி, வலிய கலத்தின் மாதிரியை 9 மீற்றர் உயரத்திலிருந்து சற்றும் நெகிழாத தளத்தின்மீது விழுத்துவர். உருக்கு முளையொன்றின்மீது 1 மீற்றர் உயரத்திலிருந்து மீண்டும் விழுத்துவர். பின்னர் அதனையே 800 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் தீயிலிடுவர். நீரில் ஆழ்த்தும் சோதனையும் உண்டு. சாரதி கவனமாக ஓட்டுவான், பாதை நன்றாக இருக்கும் என்று இவ்விதிகள் நம்பவில்லை. மனிதர் தவறுவர் என்று கொண்டே இவை எழுந்தன. வளைந்து வளைந்து இறங்கும் நமது மலைவீதிகளை அறிந்தோர்க்கு இதன் நியாயத்தை விளக்கவேண்டியதில்லை.

1984ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள், இங்கிலாந்தின் ஓல்ட் டால்பி என்னுமிடத்தில் பொதுமக்கள் காண ஒரு சோதனை நடைபெற்றது. ஏறத்தாழ 50 தொன் நிறையுள்ள, எரிபொருள் இடப்படாத கலமொன்று தண்டவாளத்தின் குறுக்கே கிடத்தப்பட்டது. மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் புகையிரதம் ஒன்று அதன்மீது மோதியது. இயந்திரம் சிதைந்தது, கலமோ தன் பிடியை விடவில்லை.

அடுத்த மாதமே கடல் இன்னொரு சோதனையை நடத்திற்று. ஆகஸ்து 25ஆம் நாள் 'மோன் லூயி' என்னும் பிரெஞ்சுக் கப்பல், பெல்சியக் கரைக்கு அப்பால் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. அதில் யுரேனியம் எக்சாபுளோரைட்டு நிரம்பிய 30 உருக்கு உருளைகள் இருந்தன. எரிபொருள் ஆக்கத்தின் இடைநிலைப் பொருளாகிய இது, நீருடன் சேரின் கொடிய அமிலத்தைத் தோற்றுவிப்பது. உருளைகள் முப்பதும் மீட்கப்பட்டன, பெருந்தீங்கு நேரவில்லை. ஆயினும் சரக்கு இன்னதென்பது தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்படாமை மக்களிடையே அச்சத்தை வளர்த்தது. கலம் தாங்கிற்று, நம்பிக்கை தாங்கவில்லை.

இது தொலைதேசக் கதை என்று நாம் இருந்துவிட இயலாது. தெளிந்த நாளில் நமது மலை விளிம்பிலிருந்து தெரிகின்ற அம்பாந்தோட்டைத் துறைமுகத்திற்கு, 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 'பிபிசி நேப்பிள்ஸ்' என்னும் கப்பல் வந்தது. ரொட்டர்டாமிலிருந்து சீனா நோக்கிச் சென்ற அக்கப்பலில் இதே யுரேனியம் எக்சாபுளோரைட்டு இருந்தது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் வழி அமைந்த ஒழுங்குபடுத்தல் பேரவை, முன்னனுமதி பெறப்படவில்லையெனக் கூறி, கப்பலை வெளியேறப் பணித்தது. அங்கே எழுந்த வினா, உருளைகள் உறுதியானவையா என்பதன்று. ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே.

இவ்வினாவின் பெறுமதியை ஊவா மக்கள் நன்கறிவர். பெரகலவிற்கு அண்மையிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அச்சரிவின் ஆபத்தை அறிந்தோர் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். அவ்வறிவு ஏட்டிலே இருந்தது. லயத்திலே உறங்கிய குடும்பத்தை அது காக்கவில்லை. அணுவும் மண்ணும் வெவ்வேறாயினும் பாடம் ஒன்றே.

ஈயமும் உருக்கும் கதிரை மறிக்கும், தீயைத் தாங்கும். அவற்றை வார்த்தெடுக்கும் கலையைப் பொறியியலாளர் செம்மையாகக் கற்றுவிட்டனர். ஆயினும் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வழியே போகிறது, பிழைத்தால் யார் யாரை எழுப்புவது என்பனவற்றை உரியவர்க்கு உரிய வேளையில் உரைத்தலும் அக்கலத்தின் ஒரு சுவரே. அச்சுவரை எழுப்பும் பொறுப்பு, அதிகாரத்தில் இருப்போருக்கு உண்டு. அது எழுப்பப்பட்டதா எனக் கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.