மாக்: ஒரு குடும்பப் பெயர் போன இடங்கள்

செக் மொழியில் நீளமான பெயர்களைச் சுருக்க ஒரு வழி உண்டு. முதல் அசையை வைத்துக்கொண்டு மீதியை நறுக்கிவிட்டு, தொண்டையை உரசி வரும் ஓர் ஒலியை வாலாக ஒட்டிவிடுவார்கள். ஸ்தனிஸ்லாவ் 'ஸ்தஹ்' ஆவான்; வாத்ஸ்லாவ் 'வஹ்' ஆவான். நம் வீடுகளில் கிருஷ்ணன் கிட்டு ஆவது போலத்தான். மத்யெய், மதோஷ், மார்தின் ஆகிய பெயர்களுக்கு இப்படி வந்த செல்லப் பெயர் 'மஹ்'. நாளடைவில் அது குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்றும் செக் நாட்டில் சாதாரணமாகப் புழங்குகிறது. அங்குள்ள குழந்தைகளைக் கேட்டால், அறுந்த தொலைபேசிக் கைப்பிடி ஒன்றை வைத்துக்கொண்டு நினைத்ததையெல்லாம் நடத்திக்காட்டும் கார்ட்டூன் பள்ளிச் சிறுவனைத்தான் மஹ் என்பார்கள்.

இந்தப் பெயரைத்தான் நாம் 'மாக்' என்று எழுதுகிறோம். பிரமோஸ் ஏவுகணை மாக் 2.8 வேகத்தில் பறந்தது என்று செய்தித்தாளில் படிக்கும்போது, மத்யெய் என்ற எவனோ ஒரு குடியானவனின் செல்லப் பெயரைத்தான் படிக்கிறோம்.

இடையில் நின்றவர் எர்ன்ஸ்ட் மாக். 1838 பிப்ரவரி 18 அன்று, இன்று செக் குடியரசில் இருக்கும் பிர்னோ நகரை ஒட்டிய ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் நிலம். பெயர் செக், வீட்டில் பேசியதும் பின்னாளில் எழுதியதும் ஜெர்மன். ஜெர்மனில் 'மஹ்' என்றால் 'செய்' என்று ஏவல். ஆகவே ஜெர்மன் காதுக்கும் இந்தப் பெயர் அன்னியமாகப் படவில்லை. 1867 முதல் 28 ஆண்டுகள் பிராகா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அதன் தலைவராகவும் இருந்தார். 1882இல் மொழிச் சண்டை முற்றி அந்தப் பல்கலைக்கழகம் செக், ஜெர்மன் என இரண்டாகப் பிரிந்தபோது, செக் பெயர் தாங்கிய இந்த மனிதர் ஜெர்மன் பகுதியில் இருந்தார்.

அவர் எதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்று பார்த்தால், வேகம் கடைசியில்தான் வரும். 1883இல் வெளிவந்த இயக்கவியல் வரலாறுதான் அவருடைய பெரிய நூல். நெம்புகோல் விதியிலிருந்து நியூட்டன் வரை ஒவ்வொரு கருத்தும் எப்படிப் பிறந்தது, எந்த இடத்தில் கேள்வி கேட்காமலே நம்பிக்கையாகிப் போனது என்று அதில் தோண்டுகிறார். வெளி என்பது எதையும் சாராமல் தானே நிற்பது என்ற நியூட்டனின் கருத்துக்கு அந்த நூலில் விழுந்த அடியை இளம் ஐன்ஸ்டைன் படித்தார். 1895இல் வியன்னா பல்கலைக்கழகம் இவரை அழைத்துக் கொடுத்த பதவி இயற்பியலுக்கானது அன்று. தத்துவப் பேராசிரியர் பதவி, குறிப்பாக அறிவியல்களின் வரலாற்றுக்கும் கோட்பாட்டுக்கும். ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர் தத்துவ நாற்காலியில் அமர்ந்தது அன்று பேசப்பட்ட செய்தி. மூன்றே ஆண்டுகளில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. 1901இல் ஓய்வு பெற்றார். நாடாளுமன்ற மேலவையில் இடம் கொடுத்தார்கள், ஏற்றுக்கொண்டார். பிரபுப் பட்டம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார்.

பட்டம் வேண்டாம் என்றவரின் பெயரை உலகம் எங்கெங்கோ ஒட்டியது. ஒட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவற்றில் பல காரணங்கள் மாக்குக்கே பிடித்திருக்காது.

முதலில் வேகத்தின் கதை. 1870–71இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய போரில், குண்டு பட்ட காயங்கள் உள்ளே பெரிதாகச் சிதைந்திருப்பதைக் கண்டு, எதிரி வெடிகுண்டுத் தோட்டா பயன்படுத்துகிறான் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தோட்டா தனக்கு முன்னால் அழுத்தித் தள்ளிக்கொண்டு போகும் காற்றே அந்தச் சிதைவைச் செய்கிறது என்றார் பெல்ஜிய அறிவியலாளர் மெல்சென்ஸ். 1881இல் பாரிசில் அவர் பேசியதைக் கேட்ட மாக், அந்தக் காற்றைப் படம் பிடித்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். பிராகாவில் செய்த முதல் முயற்சி பலிக்கவில்லை. தோட்டாவின் வேகம் போதவில்லை. பிறகு ஃபியூமே கடற்படைக் கல்லூரியில் (இன்றைய குரோவாசியாவின் ரியேகா) பேராசிரியராக இருந்த பீட்டர் சால்கருக்குக் கடிதம் எழுதினார். ஒலியை முந்தும் தோட்டாவைச் சுட்டு, 1886இல் படத்தைப் பிடித்தவர் சால்கர். படகின் முன்னால் பிரியும் அலை மாதிரி, தோட்டாவின் மூக்கிலிருந்து இரு கோடுகள் சரிந்து பின்னோக்கிப் போயின. தோட்டா எழுப்பும் அதிர்ச்சி அலையை மனிதக் கண் பார்த்தது அப்படித்தான். யோசனையும் விளக்கமும் மாக்குடையவை, கைவேலை சால்கருடையது. பெயர் மட்டும் ஒருவருக்கே போனது. தோட்டா எவ்வளவு வேகமோ அந்தக் கூம்பு அவ்வளவு ஒடுங்கும். அதன் கோணத்தை இன்று மாக் கோணம் என்கிறோம்.

பொருளின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுப்பது மாக் ஒருவரின் கண்டுபிடிப்பும் அல்ல. பீரங்கிக் குண்டுகளை ஆராய்ந்த ரஷ்யர் மாயெவ்ஸ்கி அதே விகிதத்தைக் கையாண்டிருந்தார். ரஷ்ய நூல்களில் சில காலம் அது மாயெவ்ஸ்கி எண் என்றே வழங்கியது. 'மாக் எண்' என்று பெயர் சூட்டியவர் சுவிட்சர்லாந்தின் வானூர்திப் பொறியியலாளர் யாகோப் ஆக்கெரெட். ஆண்டு 1929. மாக் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது ஒலி வேகத்தை எட்டும் விமானமே கிடையாது. ஆனால் வேகமாகச் சுழலும் டர்பைன் இறக்கைகளும் விமான விசிறி முனைகளும் அந்த வேகத்தை நெருங்கத் தொடங்கியிருந்தன. கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

இந்தச் சொல் வந்த பிறகு நடந்த குழப்பம் இன்றும் தீரவில்லை. மாக் எண் அலகு கிடையாது; விகிதம் மட்டுமே. கடல் மட்டத்தில் சாதாரண வெப்பநிலையில் ஒலி மணிக்கு ஏறக்குறைய 1225 கி.மீ. போகும். 11 கி.மீ. உயரத்தில், அங்குள்ள குளிரில், 1062 கி.மீ.தான். 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியை முந்தினார் என்று கொண்டாடுகிறோமே, அவர் போனது மணிக்கு ஏறக்குறைய 1127 கி.மீ. அதே வேகத்தில் கடலை ஒட்டிப் பறந்திருந்தால் ஒலிக்குப் பின்னால்தான் இருந்திருப்பார். 13 கி.மீ. உயரத்தில் பறந்ததால் அது மாக் 1.06 ஆயிற்று. எதையும் மற்றொன்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும், தனித்த அளவு என்று ஒன்று இல்லை என்று வாதாடிய மனிதரின் பெயர் ஒரு விகிதத்துக்கு வந்தது பொருத்தம்தான். ஆக்கெரெட் இதை நினைத்து வைத்தாரா என்பது வேறு விஷயம்.

பொருத்தமே இல்லாத ஓர் இடத்திலும் பெயர் போய் அமர்ந்தது. வெடிப்பின் அலை தரையில் மோதித் திரும்பும்போது, சில கோணங்களில் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே செங்குத்துச் சுவராக எழும். 1870களில் சிறு மின்பொறிகளை வைத்து இதைக் கண்டவர் மாக். இரண்டாம் உலகப் போரில் கணிதவியலாளர் ஃபான் நாய்மன் இதை எடுத்துக் கணக்கிட்டார். ஹிரோஷிமா குண்டு தரையில் விழுந்து வெடிக்காமல் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடிக்கவைக்கப்பட்டதற்கு, அந்தச் சுவரின் நாசவலிமையைப் பரப்பளவில் கூட்டுவது ஒரு காரணம். அந்த அலைக்குப் பெயர் மாக் தண்டு. இராணுவப் பெருமிதத்தை வெறுத்த கிழவருக்கு இதைவிடக் கொடுமையான நினைவுச்சின்னம் கிடைத்திருக்காது.

ஐரோப்பாவின் தத்துவத் தெருவில் பெயர் வேறு பயணம் போனது. ஆக்கெரெட் மாக் எண்ணுக்குப் பெயர் வைப்பதற்கு முந்தைய ஆண்டு, 1928இல், வியன்னாவில் 'எர்ன்ஸ்ட் மாக் கழகம்' தொடங்கியது. ஷ்லிக், ஹான், நாய்ராத், கார்னாப் ஆகியோர் அதில் இருந்தனர். வியன்னா வட்டம் என்று நாம் அறிந்த குழுவின் அறிக்கை 1929இல் இந்தக் கழகத்தின் பெயரில்தான் வந்தது. பொறியாளர்களுக்கு வேகமும் தத்துவக்காரர்களுக்குக் கொடியும் ஒரே ஆண்டில் ஒரே பெயரில் கிடைத்திருக்கின்றன. கழகம் நீடிக்கவில்லை, 1934இல் ஆஸ்திரிய அரசு அதைக் கலைத்தது.

ரஷ்யாவில் அதே பெயர் வசவாயிற்று. புலன் உணர்வுகளைத் தாண்டி எதையும் பேசக்கூடாது என்ற மாக்கின் கருத்தைப் பொக்தானவ் முதலிய போல்ஷ்விக்குகள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். லெனினுக்குப் பொறுக்கவில்லை. 1909இல் வந்த 'பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்' முழுக்க இந்தச் சண்டைதான். அதற்குப் பிறகு 'மஹிஸ்ட்' என்பது சோவியத் மண்ணில் யார் மீதும் வீசத்தக்க கல். ரஷ்ய மொழியில் 'மஹ்' என்ற தனிச்சொல் வேறு உண்டு: கையை வீசுவது, வீச்சு. 'மஹ் கொடுத்தான்' என்றால் கோட்டைவிட்டான் என்று பொருள். லெனினைத் தமிழில் படித்த நம்மவர்கள் பலர் இந்தப் பெயரை விமானத்தோடு சேர்த்துக் கேட்பதற்கு முன், ஒரு குற்றச்சாட்டாகத்தான் கேட்டிருப்பார்கள்.

ஐன்ஸ்டைனின் கதை இதைவிடச் சிக்கல். ஒரு பொருள் தன் நிலையிலேயே நீடிக்க விரும்பும் சடத்துவம், அண்டத்திலுள்ள மற்றெல்லாப் பொருள்களாலும் அதற்கு வருகிறது என்ற கருத்துக்கு 1918இல் அவர் 'மாக் கோட்பாடு' என்று பெயரிட்டார். மாக் இவ்வளவு தெளிவாக இப்படி ஒரு விதியைச் சொன்னதில்லை. ஐன்ஸ்டைன் தமக்கு வேண்டியதை அவரிடம் வாசித்தார் என்பதே சரி. பிறகு 1921இல், மாக் இறந்து 5 ஆண்டுகள் கழித்து, அவருடைய ஒளியியல் நூல் வெளிவந்தது. முன்னுரையில் 1913 என்று தேதியிட்டு, சார்பியல் கொள்கையை நான் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தது. ஐன்ஸ்டைன் மனம் புண்பட்டார். மாக் நல்ல இயக்கவியலாளர், தத்துவக்காரராக மோசம் என்ற பொருளில் மறுவருடம் பாரிசில் பேசினார்.

இங்கேதான் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெர்மன் தத்துவ அறிஞரும் அறிவியல் வரலாற்றாளருமான கெரெயோன் வோல்டர்ஸ் வருகிறார். 1987இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'மாக் I, மாக் II' என்று தொடங்குகிறது. வேக எண்ணைக் கேலியாகத் தொட்டுவிட்டு, ஒரு பெயருக்குள் இரண்டு மனிதர்கள் அடைபட்டிருக்கிறார்கள் என்கிறார். ஆவணங்களைத் துருவி அவர் வைத்த வாதம், அந்த முன்னுரையை எழுதியவர் மகன் லுட்விக் மாக் என்பது. எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. என் கணிப்பில், வோல்டர்ஸின் வழக்கு வலுவானது. தகப்பன் கடைசி ஆண்டுகளில் உடல் முடங்கி மகன் வீட்டில் இருந்தவர். அறிவியல் வரலாறு எழுதுவதைத் தொழிலாக ஆக்கிய மனிதரின் மீதே அந்தத் தொழிலின் கருவிகள் திரும்பி, அவருடைய பெயரில் நின்ற ஒரு பொய்யைக் களைந்தன என்று சொல்லலாம். லுட்விக்கின் பெயரும் பாடநூலில் இருக்கிறது: ஒளி ஆய்வுக்கூடங்களில் உள்ள மாக்-செண்டர் குறுக்கீட்டுமானியின் மாக், மகன்தான். மாணவர்கள் பெரும்பாலும் அதையும் தகப்பன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

தவறிப்போய் வந்து ஒட்டிக்கொண்ட மாக் ஒன்றும் உண்டு. 1980களில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதினார்கள். மழைச் சேற்றில் போன நேரத்து வேடிக்கையில் அதற்கு 'சேறு' என்று பொருள்படும் 'மக்' என்ற சுருக்கப் பெயர் வந்தது. அதைக் காதால் மட்டும் கேட்ட இத்தாலியச் சக பணியாளர் ஒருவர், தம் மொழி வழக்கப்படி எழுத்துக் கூட்டி எழுதினார். தாளில் வந்தது எர்ன்ஸ்ட் மாக்கின் பெயர். திட்டத் தலைவருக்கு அது பிடித்துப்போக, நிலைத்துவிட்டது. பின்னர் அந்த மையப் பகுதி ஆப்பிளின் கணினிகளுக்குள்ளும் ஐபோனுக்குள்ளும் போயிற்று. மேக் கணினிக்குள்ளே ஒரு மாக் இருக்கிறது, இரண்டுக்கும் உறவில்லை.

கடைத்தெருவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969இல் ஃபோர்டு காரும் கவாசாகி பைக்கும், 1998இல் ஜில்லெட்டின் மூன்று பிளேடு சவர ரேசரும் இந்தப் பெயரை வாங்கிக்கொண்டன. ஜப்பானியர் 'மஹ்ஹா' என்று சொல்கிறார்கள். ஆங்கிலேயரைவிட அவர்கள் வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அவருடைய சொந்தக் கண்டுபிடிப்புகளில் அழகானவை எவையோ அவை புகழில் பின்தங்கின. ரயில் வளைவில் திரும்பும்போது வெளியே மரங்களும் வீடுகளும் சாய்ந்து தெரிவதைக் கவனித்து, காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள்தாம் நம் சமநிலையை உணர்கின்றன என்ற முடிவுக்குப் போனவர் அவர். இருளும் ஒளியும் படிப்படியாக மாறும் இடத்தில், உண்மையில் இல்லாத ஒரு கோட்டைக் கண் தானே வரைந்துகொள்கிறது என்று 1865இல் காட்டினார். 'மாக் பட்டைகள்' என்று அதற்குப் பெயர். எக்ஸ்-ரே படம் படிக்கும் மருத்துவர்கள் எலும்பு முறிவு என்று ஏமாந்துவிடாமல் இருக்க இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

தமிழில் 'மாக்', 'மேக்', 'மாச்' என்று மூன்றும் தென்படுகின்றன. ஜெர்மனில் குறில்தான்; கறாராகப் பார்த்தால் ஆய்தம் போட்டு 'மஃக்' என்று எழுத வேண்டும். அது இனி நிலைக்காது. 'மாக்' பழகிவிட்டது, அதுவே போதும். 'மாச்' ஜெர்மனிலும் செக்கிலும் இல்லாத உச்சரிப்பு. 'மேக்' ஆப்பிள் கணினிக்கு. செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: '2 மாக்' என்று எழுதாதீர்கள், 'மாக் 2' என்று எழுதுங்கள்; அதைக் கிலோமீட்டரில் மாற்றிச் சொல்வதானால், எந்த உயரத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.