போலியோ ஒழிப்பில் ரோட்டரி சங்கங்கள்: நீலகிரியும் தமிழகமும்

போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதத்தை உலகிலிருந்தே அகற்றும் பணியில் அரசுகளுடன் தோளோடு தோள் நின்ற குடிமக்கள் அமைப்பு ரோட்டரி சங்கம். 1905 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய இச்சங்கம், 1929இல் சென்னையில் கிளை கண்டது. பிற்காலத்தில் ஊட்டி, குன்னூர் போன்ற மலை ஊர்களுக்கும் பரவியது. போலியோவுக்காக ரோட்டரி பெரும் நிதி திரட்டியது பலரும் அறிந்த செய்தி. அந்த நிதி பயன் தருவதற்கு மருந்து செய்யும் ஆய்வகமும், மருந்தைக் கொடுக்கும் முறையும், வீடு வீடாக நடந்து செல்லும் ஆட்களும் தேவைப்பட்டனர். இம்மூன்றிலும் தமிழகத்துக்குப் பங்கு உண்டு.

நோயின் தன்மை

போலியோ ஒரு வைரஸ் நோய். நோய்த்தொற்று உள்ளவரின் மலத்தால் மாசடைந்த நீர், உணவு, கை ஆகியவற்றின் வழியே பரவுகிறது. தொற்றுக்கு ஆளாகும் சுமார் 200 பேரில் ஒருவருக்குக் கை கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கின்றன. மற்றவர்களுக்கு வெளிப்படையான அறிகுறி பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு ஊரில் ஒரு குழந்தையின் கால் சூம்பினால், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் பலரிடம் வைரஸ் இருக்கிறது என்பது பொருள். ஆகவே நோய் கண்ட குழந்தையை மட்டும் கவனிப்பது போதாது. ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும்.

குன்னூர் ஆய்வகம்

நீலகிரி மாவட்டத்தின் தடுப்பு மருந்து வரலாறு ஒரு நன்கொடையில் தொடங்குகிறது. 1902இல் வெறிநாய்க் கடிக்கு ஆளான இளம்பெண் ஒருவர் அருகில் சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். தென்னிந்தியாவில் இதற்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ், வைசிராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டது. அவ்வாறு 1907 ஏப்ரலில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

வெறிநாய்க் கடி மருந்தால் பெயர்பெற்ற இந்நிலையம், 1970களில் போலியோ சொட்டு மருந்தையும் உள்நாட்டிலேயே தயாரித்தது. அந்தத் தயாரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னாளில் நாடு முழுவதும் கோடிக்கணக்கான சொட்டுகள் தேவைப்பட்டபோது, மூல மருந்தை வெளிநாட்டிலிருந்து வாங்கி இங்கே கலந்து குப்பியில் அடைக்கும் நிலையே இருந்தது. உள்நாட்டு ஆய்வகம் ஒன்றைத் தொடர்ந்து பேணாததன் விலை இது.

வேலூர் காட்டிய வழி

இந்தியாவில் 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு போலியோ சொட்டு மருந்தும் அதில் சேர்ந்தது. ஆயினும் மூன்று தவணை பெற்ற குழந்தைகள் சிலருக்கும் நோய் வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் இதை ஆராய்ந்தார். மேலை நாட்டுக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு இங்குள்ள குழந்தைகளுக்குப் போதவில்லை என்று அவர் கண்டார். தவணைகளைக் கூட்ட வேண்டும், அவற்றை ஊர் முழுவதும் ஒரே காலத்தில் கொடுக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

நாடித் துடிப்புப் போலக் குறித்த இடைவெளியில் ஊருக்கே மருந்து கொடுப்பதால் இம்முறைக்கு ‘பல்ஸ்’ என்ற பெயர் அமைந்தது. வேலூர் நகரில் இதை நடத்தியபோது உள்ளூர் ரோட்டரி சங்கத்தினர் துணை நின்றனர். நோய் வெகுவாகக் குறைந்தது. இந்த முடிவுகள் 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தன. கியூபா 1962இலும், பிரேசில் 1980இலும் நாடு தழுவிய மருந்து நாட்களை நடத்தியிருந்தன. இந்தியச் சூழலில் இது இயலும் என்று காட்டியது வேலூர்.

நிதி திரட்டல்

1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் 60 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி ஏற்றது. அதன் வெற்றி தந்த துணிவில் 1985இல் ‘போலியோ பிளஸ்’ அறிவிக்கப்பட்டது. இலக்கு 12 கோடி டாலர். உலகெங்கும் உள்ள கிளைகள் 1988க்குள் 24.7 கோடி டாலர் சேர்த்தன. அதே 1988 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, போலியோவை உலகிலிருந்தே ஒழிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3.5 லட்சம் பேர் இந்நோயால் முடங்கிக்கொண்டிருந்தனர்.

தொடக்கத்தில் இந்த நிதி பெரிதும் மருந்து வாங்கச் செலவாயிற்று. பின்னர் நோய்க் கண்காணிப்பு, ஆய்வகங்கள், விழிப்புணர்வு எனப் பரவியது. கேட்ஸ் அறக்கட்டளை 2007 முதல் இணைந்து, ரோட்டரி திரட்டும் தொகைக்கு ஈடாகவும், பின்னர் அதன் இரு மடங்காகவும் வழங்க முன்வந்தது. இதுவரை ரோட்டரி அளித்தது 200 கோடி டாலருக்கும் மேல். இந்தியாவின் சொட்டு மருந்து முகாம்களுக்கான பெருஞ்செலவை மத்திய அரசே ஏற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசுகளைத் தொடர்ந்து வலியுறுத்தியதும், பணி தொய்ந்த காலத்தில் கைவிடாததும் சங்கங்களின் பங்கு.

மலையில் சொட்டு மருந்து நாள்

நாடு முழுவதும் பல்ஸ் போலியோ முகாம் முதன்முதலில் 1995 டிசம்பர் 9 அன்றும், 1996 ஜனவரி 20 அன்றும் நடந்தது. முதலில் 3 வயதுக்குட்பட்டோருக்கும், மறு ஆண்டு முதல் 5 வயதுக்குட்பட்டோருக்கும் மருந்து தரப்பட்டது. தமிழகத்தில் ஒரே நாளில் சுமார் 43,000 மையங்கள் இயங்கின.

சமவெளியில் ஒரு தெருவுக்குள் முடியும் வேலை, நீலகிரியில் ஒரு நாள் நடையாகிவிடும். தேயிலைத் தோட்டத்தின் லயன் வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. பழங்குடியினரின் சிற்றூர்கள் காட்டோரத்தில் உள்ளன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகள் கேரள, கர்நாடக எல்லையில் இருப்பதால் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கின்றனர். வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களும் உண்டு. இத்தகைய இடங்களுக்கு நடமாடும் குழுக்கள் செல்லும். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி பணியாளர் ஆகியோருடன் சேவைச் சங்கத்தினரும் மாணவரும் கைகொடுப்பர். ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் மருந்து போகும். குப்பியின் மேலுள்ள சிறு சதுரம் நிறம் மாறியிருந்தால் அம்மருந்து வெப்பத்தால் கெட்டது என்று ஒதுக்கப்படும். மருந்து பெற்ற குழந்தையின் சுண்டு விரலில் மை வைக்கப்படும்.

போருக்கு நடுவே

நீலகிரியில் தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர் பலர் வாழ்கின்றனர். அவர்களின் உறவினர் வாழ்ந்த இலங்கையில் 1990களில் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே ரோட்டரியின் போலியோ பணிக்குத் தலைமை ஏற்ற கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன், யுனிசெப் அமைப்புடன் இணைந்து, மருந்து நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்க ஏற்பாடு செய்தார். பின்னர் 2015-16இல் அவர் ரோட்டரியின் உலகத் தலைவரானார். 2024இல் காசாவில் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப் போர் இடைநிறுத்தப்பட்டதும் இதே வழியில்தான்.

விளைவும் எஞ்சிய பணியும்

2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ வந்தது. உலக எண்ணிக்கையில் ஏறத்தாழ பாதி அது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட பெண் குழந்தை. தமிழகத்தில் 2004க்குப் பின் இந்நோய் இல்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்காசியப் பகுதி போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் பரவுகிறது. சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த வைரஸ், தடுப்பு குறைந்த இடங்களில் அரிதாக மீண்டும் வலுப்பெறுவதும் உண்டு. 2024இல் மேகாலயாவின் மேற்கு காரோ மலை மாவட்டத்தில் அத்தகைய ஒரு நோயாளி கண்டறியப்பட்டார். இதனால்தான் 2015 முதல் ஊசி வழி மருந்தும் சேர்க்கப்பட்டுள்ளது. மலையில் ஒரு லயன் வீடு விடுபட்டாலும் இடைவெளி உருவாகும். கால் சூம்பிய பிள்ளையைப் பார்த்தே அறியாத இன்றைய இளம் பெற்றோரிடம், நோய் போய்விட்டதே, மருந்து எதற்கு என்ற எண்ணம் வளர இடம் உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே சங்கங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எஞ்சியுள்ள வேலை.