பெட்டிக்குள்ளே என்ன இருக்கு, அண்ணாச்சி?

2000-களில் திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்களுக்கு ஒரு சொல் நன்றாகப் பழக்கம். 'டாஸ் மெஷின்.' வண்ணாரப்பேட்டையிலோ முருகன்குறிச்சியிலோ கடைக்குள் நுழைந்து லேப்டாப் விலை கேட்டால் இரண்டு விலை சொல்வார்கள். விண்டோஸோடு ஒரு விலை. டாஸோடு ஒரு விலை. இரண்டாவது சில ஆயிரம் ரூபாய் குறைவு.

"அப்போ டாஸுலயா வேலை செய்யணும், அண்ணாச்சி?"

"யாரு செய்யச் சொன்னா? நீங்க எடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் பையனை வீட்டுக்கு அனுப்புதேன். விண்டோஸ் போட்டுத் தந்திருவான். சும்மாதான்."

அந்த 'சும்மா'வுக்குள்தான் நம்முடைய கதை இருக்கிறது. பையன் கொண்டு வருவது திருட்டு சி.டி. அவனுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். பெட்டியை மொட்டையாக அனுப்பக்கூடாது என்பதற்காகக் கம்பெனி அதில் ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பும். சில சமயம் ஃப்ரீடாஸ், சில சமயம் லினக்ஸ். இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். பிரிட்ஜ் வாங்கும்போது கூடவே வருகிற தெர்மாக்கோலுக்கு என்ன மரியாதையோ, அது.

ஆக, திறந்த மூல மென்பொருள் ஏற்கெனவே போடப்பட்ட கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் நம்மூரில் குறைவு இல்லை. அதை ராத்திரி வரை வைத்திருந்தவர்கள்தான் குறைவு.

இது ஏன் இப்படி ஆயிற்று என்று பார்க்கக் கொஞ்சம் அமெரிக்கா போய் வர வேண்டும்.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற தாடிக்காரர், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற நிபந்தனையோடு ஓர் இயங்குதளம் எழுதப் போவதாக அறிவித்தார். அதற்கு 'க்னூ' என்று பெயர். 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவைப்பட்ட நடுப்பகுதியை எழுதினார். அது லினக்ஸ். இரண்டும் சேர்ந்தது. இலவசம். தரமும் குறைவில்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இதையே போட்டு விற்றிருக்கலாமே?

முடியவில்லை. காரணம் ஓர் ஒப்பந்தம்.

ஒரு மிட்டாய்க் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சீனி வியாபாரி வருகிறார். "மூட்டைக்கு இவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை. நீ விற்கிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எனக்கு இவ்வளவு காசு. மற்றவனைவிட மலிவாகத் தருகிறேன்" என்கிறார். கடைக்காரர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் கருப்பட்டி மிட்டாய் போடுகிறார். அதில் சீனி ஒரு சிட்டிகை கிடையாது. ஆனாலும் அந்தப் பொட்டலத்துக்கும் சீனிக்காரருக்குக் காசு போகும்! இனி கடைக்காரர் கருப்பட்டி வாங்குவாரா? வாங்கமாட்டார். யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் வாங்கமாட்டார்.

மைக்ரோசாப்ட் கம்பெனி கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களோடு போட்டிருந்த ஒப்பந்தங்களில் ஒரு வகை இதுதான். எத்தனை இயந்திரத்தில் தன் மென்பொருள் இருக்கிறது என்று கேட்காமல், எத்தனை இயந்திரம் விற்றது என்று எண்ணிக் காசு. 1994 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, இந்த மாதிரி ஒப்பந்தம் இனி கூடாது என்று சமரசத்துக்கு வந்தது. ஆனால் அதற்குள் உலகமே சீனி மிட்டாய்க்குப் பழகியிருந்தது. 1999 பிப்ரவரி 15 அன்று கலிபோர்னியாவில் லினக்ஸ் ஆர்வலர்கள் கூட்டமாக மைக்ரோசாப்ட் அலுவலகத்துக்கே போனார்கள். 'நாங்கள் உபயோகிக்காத விண்டோஸுக்கு எங்களிடம் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள்' என்பது கோரிக்கை. பத்திரிகையில் படம் வந்தது. காசு வரவில்லை.

2007-ல் காற்று கொஞ்சம் திரும்பியது. அந்த வருஷம் மே மாதம் டெல் கம்பெனி உபுண்டு லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்களை விற்க ஆரம்பித்தது. அக்டோபரில் தைவானின் ஆசுஸ் கம்பெனி 'ஈ பி.சி.' என்று உள்ளங்கை அகல லேப்டாப் ஒன்றை லினக்ஸோடு இறக்கியது. சரசரவென்று விற்றது. மைக்ரோசாப்ட் என்ன செய்தது தெரியுமா? விற்பனையிலிருந்து எடுத்துவிடுவதாக இருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு, 2008-ல் இந்தச் சின்ன லேப்டாப்களுக்காக மட்டும் ஆயுளை நீட்டித்தது. 2012-ல் உபுண்டு போட்ட டெல் லேப்டாப்கள் இந்தியாவில் 850 கடைகளுக்குப் போயின.

சரி, ஊர் திரும்புவோம்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் பெரிய அளவில் வந்தது கடை வழியாக அல்ல, கோட்டை வழியாக. அரசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் நிறுவனம் எல்காட். 2007 வாக்கில் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதற்கு முன்பே திருவாரூர் கலெக்டராக இருந்து தாலுகா அலுவலகங்களைக் கணினிமயமாக்கியவர். அவர் முதலில் எல்காட் அலுவலகக் கம்ப்யூட்டர்களையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிறகு பள்ளிக்கூடங்களுக்கு வாங்கியவற்றையும் லினக்ஸோடு வாங்கினார். ஊருக்கு உபதேசம் செய்யும் முன் தன் மேஜையில் போட்டுப் பார்த்தார் பாருங்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. அதே 2007 ஜனவரியில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையில், 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கு இசைவான லினக்ஸை வெளியிட்டது. (நம் காதுக்கு அது பரீட்சையில் தேறுகிற பாஸாகத்தான் விழும். நல்ல சகுனம்தான்!)

பிறகு வந்தது 2011. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டத்தில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டு இலக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல். அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஐம்பது லட்சத்தைத் தாண்டியது.

இந்தத் திட்டம் நெல்லையில் தனியாக உறைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மடிக்கணினி அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் கிடைத்தது. பாளையங்கோட்டையின் பேர்பெற்ற பள்ளிகளில் பல, பாதிரிமார் தொடங்கி அரசு உதவியோடு நடப்பவை. அறிவியல் குரூப் பையனுக்கு மட்டுமில்லை, வரலாறு படித்த பிள்ளைக்கும் வணிகவியல் படித்த பிள்ளைக்கும் கையில் ஒரு லேப்டாப். கம்ப்யூட்டர் பாடமே எடுக்காத பிள்ளைகள்! பீடி சுற்றுகிற வீடுகளில், வாழைத் தோட்டத்துக்கு நடுவிலிருக்கிற வீடுகளில், முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது இப்படித்தான்.

பெட்டியைத் திறந்தால்? இரண்டு கதவு. ஒரு கதவு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மலிவு லேப்டாப்களுக்கென்றே செய்த குட்டிப் பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. இன்னொரு கதவு பாஸ் லினக்ஸ். எதை மாற்றினாலும் கேட்க ஆளில்லை. ஒரே இயந்திரத்தில், பக்கத்துப் பக்கத்தில், கையைக் கட்டுகிற ஒன்றும் அவிழ்த்துவிடுகிற ஒன்றும். பிள்ளைகள் எந்தக் கதவைத் திறந்தார்கள்?

கையைக் கட்டுகிற கதவை. பலர் செய்த முதல் காரியம், ஊர்க்கடையில் கொடுத்து பாஸை அழித்து, ஸ்டார்ட்டருக்குப் பதில் 'முழு விண்டோஸ்' போட்டுக்கொண்டது. அதே பையன், அதே சி.டி., அதே 'சும்மா'.

இதற்காகப் பிள்ளைகளைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஊர் முழுக்க விண்டோஸாக இருந்தது. டவுனில் ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போகிற பெண்ணுக்கு டேலி தெரிய வேண்டும். டேலி விண்டோஸில் ஓடும். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவருக்குப் பேஜ்மேக்கர் வேண்டும். அதுவும் அப்படியே. இன்டர்நெட்டுக்கு விரல் நீளத்தில் ஒரு டாங்கிள் விற்றார்களே, அதைச் செருகினால் விண்டோஸில் தானாக வேலை செய்யும். லினக்ஸில் கட்டளை தட்ட வேண்டும். தட்டச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதற்குச் சாட்சி சொல்ல நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது.

தாமிரபரணியில் சேருகிற சிற்றாற்றின் மேல்முனைப் பக்கம் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது மலையாள ராஜ்யத்தோடு இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் நம் பக்கம் வந்தது. 2019 வரை நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். அங்கிருந்து மலையேறி சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஆரியங்காவு. கேரளம். அந்த மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை லினக்ஸில்தான் படித்தது!

கேரளத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001 வாக்கில் தொடங்கியது. ஆரம்பத்தில் அங்கேயும் விண்டோஸ்தான். ஆனால் 2001 ஜூலையில்தான் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வைத்திருந்தார். அந்த ஆர்வலர்களும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து, அரசுப் பள்ளியில் ஒரு தனியார் கம்பெனியின் பொருளை ஏன் பாடமாக வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அரசு யோசித்தது. மாறியது. எப்படி மாறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பிறகு பாடப்புத்தகம். பிறகு பத்தாம் வகுப்பு ஐ.டி. பரீட்சையே லினக்ஸில். பரீட்சைக்கு வருகிறது என்றால் நம்மூரில் பகவத் கீதையைக்கூட மனப்பாடம் செய்வார்கள். அங்கேயும் அப்படித்தான். பிற்பாடு அந்தப் பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸ் தொகுப்பே செய்தார்கள். 2019-ல் இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் புதிய பதிப்பைப் போட்டபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று சொன்னார்கள். ஒரு கணினிக்கான மென்பொருளை எல்லாம் காசு கொடுத்து வாங்கினால் ஒன்றரை லட்சம் ஆகும் என்று போட்ட கணக்கு அது. எந்தப் பள்ளியும் அவ்வளவையும் வாங்கப் போவதில்லை, அதனால் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய தொகைதான்.

நாம் எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நம் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் புத்தகத்தில் பல வருஷம் பாடமாக இருந்தது எம்.எஸ். ஆபீஸ் இல்லை, ஸ்டார் ஆபீஸ். அதன் மூல நிரலைத் திறந்துவிட்டுத்தான் ஓபன் ஆபீஸ் பிறந்தது. ஸ்டார் ஆபீஸ் படித்த பிள்ளைக்கு லினக்ஸில் வருகிற ஓபன் ஆபீஸ் சொந்த வீடு மாதிரி இருந்திருக்கும். ஆனால் அந்தப் பாடம் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தவர்களுக்கு மட்டும். லேப்டாப்போ எல்லாருக்கும். புத்தகம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். இரண்டையும் கட்டி வைக்க வாத்தியார் இல்லை.

2014 ஏப்ரலில் எக்ஸ்.பி.க்கான ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு சொன்னது. 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸ் பாடத்துக்கு அடுத்தபடியாக உபுண்டுவும் பாடமாக வந்தது. முதல் மடிக்கணினி கைக்கு வந்து ஏழு வருஷம் கழித்து.

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் என்று அறிவிப்பு வந்தது. 2026 ஜனவரியில் மடிக்கணினிகள் கைக்கு வரத் தொடங்கின. திறந்தால் விண்டோஸ் 11. பக்கத்தில் இன்னொரு கதவு, பாஸ் லினக்ஸ்.