தசையை இழந்த காலுக்கு பன்றியின் சிறுநீர்ப்பை... 'உயிரிச் சாரம்' சிகிச்சை என்றால் என்ன?

விளையாடும்போது தசை லேசாகக் கிழிந்தால் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆனால் குண்டுவெடிப்பிலோ, பெரிய விபத்திலோ தொடைச் சதை கொத்தாகப் பிய்ந்து போனால்? அது திரும்ப வளராது. நடக்க முடியாமல், பல ஆண்டுகள் கழித்து காலையே எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. இவர்களுக்காக சோதிக்கப்பட்டு வரும் வழிதான் 'உயிரிச் சாரம்'.

ஏன் தானாக வளர்வதில்லை?

தசை நார்களை ஒட்டியே 'சேட்டிலைட் செல்கள்' எனும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. 1961-ல் அலெக்சாண்டர் மவுரோ என்ற விஞ்ஞானி இவற்றை விவரித்தார். சின்னக் காயம் என்றால் இவையே பெருகி புது நார்களை உருவாக்கிவிடும். ஆனால் ஒரு தசையில் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் இழந்தால், இந்தச் செல்களும் போச்சு, அவை பற்றி வளர வேண்டிய பின்னலும் போச்சு. அந்த இடத்தைத் தழும்பு நிரப்பிவிடும். தழும்புக்கு சுருங்கி இழுக்கும் சக்தி கிடையாது.

சாரம் என்ன செய்கிறது?

கட்டடம் கட்ட சாரம் கட்டுவார்கள் இல்லையா, அதே வேலைதான். பன்றியின் சிறுநீர்ப்பைச் சுவரில் இருந்து செல்களை நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது கொலாஜன் போன்ற புரதங்களால் ஆன மெல்லிய பின்னல். செல்கள் இல்லாததால் உடல் அதை நிராகரிக்கும் ஆபத்து குறைவு.

அறுவை சிகிச்சையில் தழும்பை வெட்டி எடுத்து, நல்ல தசையைத் தொடும்படி இதை வைத்துத் தைக்கிறார்கள். உடல் இதை மெல்ல மெல்லக் கரைக்கும். அப்போது வெளியாகும் பொருட்கள் ஸ்டெம் செல்களை அங்கே வரவழைக்கின்றன.

பலன் கிடைத்ததா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பேடிலாக் குழுவினர் 2014-ல் 5 பேரிடம் செய்த சோதனை முடிவை வெளியிட்டனர். இனி பிசியோதெரபியால் முன்னேற்றம் இல்லை என்ற நிலைக்கு வந்தவர்களுக்கே சிகிச்சை தரப்பட்டது. 3 பேருக்கு தசையின் செயல்பாடு மேம்பட்டது. 2016-ல் வெளியான 13 பேர் ஆய்வில், வலிமை சராசரியாக 37 சதவீதம் கூடியிருந்தது.

உடற்பயிற்சி ஏன் முக்கியம்?

சாரத்தை வைத்தால் மட்டும் போதாது. 2014 சோதனையில் அறுவை சிகிச்சை முடிந்த 48 மணி நேரத்துக்குள் பிசியோதெரபி தொடங்கப்பட்டது. காரணம், இழுவிசை கிடைத்தால்தான் வந்து சேரும் செல்கள் தசையாக மாறி, சரியான திசையில் வரிசையாக அமையும். அசைக்காமல் விட்டால் மறுபடியும் தழும்புதான்.

என்ன சிக்கல்?

இழந்த தசை முழுசாகத் திரும்புவதில்லை. எல்லோருக்கும் பலன் கிடைப்பதும் இல்லை. புது தசைக்கு ரத்தக் குழாயும் நரம்பும் போய்ச் சேர வேண்டும். நரம்பு சேராவிட்டால் தசை இருந்தும் இயங்காது. இதுவரை சோதிக்கப்பட்டவர்களும் குறைவு. ஹைட்ரோஜெல், 3டி பிரின்டிங் தசை போன்ற அடுத்தகட்ட முயற்சிகள் பெரும்பாலும் விலங்குச் சோதனை அளவிலேயே உள்ளன.

ஆனாலும், நாற்காலியில் இருந்து எழக்கூட சிரமப்படும் ஒருவருக்கு, கொஞ்சம் கூடுதல் வலிமையே பெரிய விஷயம்தான்.