இருபது வாட்டும் நூறு வாட்டும்

ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று 1978இல் அறிமுகமான நாட் 3020 ஆம்ப்ளிஃபையர். சானலுக்கு 20 வாட். மற்றது 2018இல் வந்த சோனி எஸ்டிஆர்-டிஎச்190 ரிசீவர். சானலுக்கு 100 வாட் என்று போட்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்துப் பழையதை எடைக்குப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது பெரிய இழப்பு.

வாட் ஐந்து மடங்கானால் சத்தம் ஐந்து மடங்காகாது. 7 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 86, 87 டெசிபல் கொடுத்துவிடுகிறது. நம் வீட்டு அறைகளில் பெரும்பாலான நேரம் இரண்டு பெட்டிகளுக்குமே ஓரிரு வாட்டுக்கு மேல் வேலை இல்லை.

வித்தியாசம் தெரிவது இசை திடீரென்று எகிறும்போது. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த நாட், தொடர்ந்து கொடுப்பது 20 வாட் என்றாலும், கணநேரத்துக்கு 4 ஓம் சுமையில் 58 வாட்டும் 2 ஓமில் 72 வாட்டும் தரக்கூடியது. சக்தி எல்லையைத் தாண்டினாலும் ஒலி சட்டென்று வெட்டுப்படாமல் மழுங்கும்படி அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. சோனி கேட்பதோ 6 ஓமும் அதற்கு மேலும் உள்ள ஸ்பீக்கர்களை. ஆகவே வாட்டைக் கேட்கும் முன் உங்கள் ஸ்பீக்கரின் முதுகில் எத்தனை ஓம் என்று பாருங்கள்.

ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்க வேண்டும். துளி கூடுதலாக ஒலிப்பதையே காது 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். 8 ஓம் ஸ்பீக்கரில் அப்படிச் சமன் செய்து, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டை ஓடவிட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின் நாட்டில் சற்றுக் கனமாக, கீழ்த்தந்திகளில் உடம்போடு வந்தது. சோனியில் மேல்சுரங்கள் தெளிவு. இசை நிற்கும் இடங்களில் நல்ல நிசப்தம். மெல்லிய சத்தத்தில் எது எதுவென்று சொல்வதே கடினம். கச்சேரிப் பதிவொன்றைக் கொஞ்சம் ஏற்றி வைத்தபோது மிருதங்கத்தின் தொப்பி நாட்டில்தான் உருண்டு திரண்டு கேட்டது.

பழையதற்குப் பராமரிப்பு வேண்டும். கெப்பாசிட்டர்கள் வறண்டு போகும், வால்யூம் குமிழ் கரகரக்கும். நாட்டின் பின்புறம் ப்ரீஆம்பையும் பவர் ஆம்பையும் இணைக்கும் வளைந்த உலோகத் துண்டுகள் களிம்பேறினால் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். கழற்றித் தேய்த்துப் போட்டால் சரியாகிவிடும். பாகங்கள் பெரியவை, கையால் பற்றவைக்கலாம். சென்னையில் ரிச்சி தெருவில் கெப்பாசிட்டருக்குப் பஞ்சமில்லை. இன்றைய ரிசீவர்களின் பொடிப் பாகங்களில் இப்படிக் கை வைப்பது எளிதல்ல.

சோனியில் ரிமோட், ப்ளூடூத், பண்பலை, இசைத்தட்டுக்கான இணைப்பு எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகின்றன. முதியவர்கள் உள்ள வீட்டில் ரிமோட் ஒன்றே பெரிய உபகாரம். டிவியின் ஆப்டிகல் வயரைச் செருக மட்டும் இடமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சோனியைத் தயங்காமல் வாங்கலாம். வீட்டில் நல்ல பழைய ஆம்ப் இருந்தால், கடைக்குப் போகும் முன் அதை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்து கேட்டுப் பாருங்கள்.